ஒருவருக்கு, முழுதாக

வந்திருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் குறித்துவிடுகிறேன். கூட்டக் குறிப்பை இப்படித்தான் தொடங்குவேன். இருபது வருடப் பழக்கம்.

அடுப்புப் பக்கத்துச் சுவரோரம், அடுப்பனல் அடியில் ஓடித் தரை நன்றாகச் சுடும் இடத்தில், மான்சு. வயது முப்பத்தொன்று, பார்சல் வண்டி ஓட்டுபவர், இருபத்துமூன்றாம் தலைமுறை. அவருக்கு இடப்புறம், தரை இதமாக இருக்கும் இடத்தில், சங்கத் தலைவர் தேசொப், எழுபத்துநான்கு, இருபத்துநான்காம் தலைமுறை. தலைவருக்கு எதிரே ஹோசொப், ஐம்பத்திரண்டு, டிராக்டர் பட்டறைக்காரர், அதே தலைமுறை. கதவோரம், தரை சில்லிட்டுக் கிடக்கும் இடத்தில், க்யூதோங், எழுபத்தெட்டு, இருபத்தைந்தாம் தலைமுறை. தலைவருக்குப் பின்னால் ஜன்னலடியில், சின்ன மேசையோடு நான், இன்சொப், செயலாளர். எனக்கு ஓட்டு கிடையாது.

எங்கள் தல்மோ ஊர் குவாக் வம்ச மண்டபத்தில் இடம் கிடைப்பது வயதைப் பார்த்து அல்ல, மூதாதையிலிருந்து எத்தனையாவது படி என்று பார்த்து. ஆண்களின் பெயரைக் கேட்டாலே படி தெரிந்துவிடும். சொப் என்று முடிந்தால் என் தலைமுறை. க்யூ என்று தொடங்கினால் எங்கள் பிள்ளைகள் முறை. அதனால் வருடாவருடம் மான்சு சுடுதரையில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார். முட்டிவலிக்காரர் க்யூதோங் கதவுச்சந்துக் காற்றில் நடுங்கிக்கொண்டிருப்பார்.

"சின்னத் தாத்தா, ஒரு பக்கம் வெந்துருச்சுன்னா சொல்லுங்க, திருப்பி உக்கார வைக்கறோம்" என்றார் க்யூதோங்.

"நீங்க இங்க வந்துருங்களேன் பெரியவரே. நான் கதவுகிட்ட போயிடறேன்."

"வேற வினை வேண்டாம். மேல போனதும் எங்கப்பா கட்டையோட நிப்பாரு."

அன்றைய கூட்டத்துக்குப் பொருள் ஒன்றுதான். சங்கத்தின் முழு உதவித்தொகை: நாலு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம், விடுதி, சாப்பாடு, வருடத்துக்கு ஒருவருக்கு. அதற்கு ஏழு விதிகள். வம்சப் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. இலையுதிர்கால மூதாதையர் வழிபாட்டுக்கு ஒரு தடவையாவது வந்து வணங்கியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மதிப்பெண் ஐந்தாவதாகத்தான் வருகிறது. நுழைவுத் தேர்வைக்கூடத் தாண்டிவிடலாம், தல்மோ பெரியவர்களைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது.

விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஹோசொப்பின் மகன் க்யூஹா. தேகுவில் இயந்திரப் பொறியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. காலையிலேயே வந்து, முறையாக வணங்கி, கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டு, பெட்ரோல் பங்க் வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். ஏழு விதிகளில் எதிலும் அவனுக்குச் சிக்கலில்லை.

இன்னொருத்தி நாரே. தலைநகர் சோலில் நிலவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண்ணில் மாவட்டத்திலேயே முதல். வியாழக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்குச் சிக்கல் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"விருந்தாளி பக்கம் உக்காரட்டும்" என்றார் தலைவர்.

"அவ என்ன விருந்தாளியா? சுனேயோட பொண்ணு" என்றார் மான்சு.

"சுனே நம்ம வீட்டுப் பொண்ணு சித்தப்பா. இவ ஹான் வீட்டுப் பொண்ணு."

"பத்து வயசுலேர்ந்து நான் குவாக்தான்" என்றாள் நாரே. "கோர்ட்டு உத்தரவு இருக்கு."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளுடைய அப்பா விவாகரத்து முடிந்த கையோடு போனவர், பிறகு தகவல் இல்லை. சுனே நீதிமன்றம் போய் மகளுக்குத் தன் குடும்பப் பெயரையே வாங்கிக் கொடுத்தாள். சட்டம் ஒத்துக்கொண்டது. மண்டபம் அதைப் பற்றி அதுவரை பேசியதில்லை.

"இந்தா, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று க்யூதோங் குறுக்கே வந்தார். "இவ ஹான் பொண்ணுன்னா எனக்கு அத்தை மக. குவாக் பொண்ணுன்னா தங்கச்சி. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காரறதுன்னு சொல்லுங்கப்பா."

"தங்கச்சியாவே இருந்துட்டுப் போறேன் அண்ணே" என்றாள் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்.

மான்சு சத்தமாகச் சிரித்துவிட்டார். க்யூதோங் தன் மெத்தையை அரை முழம் நகர்த்தினார். "அப்போ இங்க வா. ஆனா குளிரும், இப்பவே சொல்லிட்டேன்." அவள் போய் உட்கார்ந்தாள். என் குறிப்பில் பெயரும் வயதும் இடமும் எழுதினேன். தலைமுறை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. அவள் படிப்பைப் பற்றி உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "மண்ணையும் கல்லையும் படிச்சு என்னம்மா பண்ணப் போற?"

"பூமி எங்க, ஏன் ஆடுதுன்னு பாக்கணும்."

"இங்க ஆடுது பாரு, என் முட்டி" என்றார் க்யூதோங்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பள்ளிக்கூடச் சுவர்ல விரிசல் விட்டுச்சு. ஒரே வகுப்புல ஒரு சுவர் மட்டும். ஏன் அந்தச் சுவர் மட்டும்னு வாத்தியாரைக் கேட்டேன். தெரியலைன்னாரு. அதுலேர்ந்துதான்."

வழிபாட்டுக்கு வந்தாளா என்று என்னைக் கேட்டார்கள். வந்தாள், மழையில் நின்று வணங்கினாள், வருகைப் பதிவில் அவள் கையெழுத்து இருக்கிறது என்றேன். இனி மிச்சம் முதல் விதி.

தலைவர் வம்சப் புத்தகத்தின் மூன்றாம் தொகுதியை விரித்தார். சுனேயின் தகப்பனார் பெயருக்குக் கீழே 'மகள்' என்று இருந்தது, அதன் கீழே 'ஹான் தொங்கில்'. எங்கள் புத்தகத்தில் மகளுடைய இடத்தில் மருமகன் பெயர்தான் நிற்கும். சுனேயின் பெயரே அதில் இல்லை. அவள் வயிற்றில் பிறந்தவள் பெயருக்கு எங்கே போவது?

"பேரு இல்லையேம்மா" என்றார் தலைவர். "விட்டுப்போன பேருங்களுக்குத் துணைப் புத்தகம் அச்சடிக்கறப்பவே உங்கம்மா எழுதிப் போட்டிருந்தா அன்னிக்கே பேசி முடிச்சிருப்போம். இப்ப எங்க கையில என்ன இருக்கு?"

"அம்மா எழுதிப் போட்டாங்க. பதில் வரலை."

"அப்படி ஒண்ணு வந்திருந்தா இன்சொப் பதில் போடாம இருப்பாரா? அவருக்கு விளம்பரக் காகிதம் வந்தாலும் பதில் போடுற ஆளு."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹோசொப்பும் சிரித்தார்.

அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில், சுனேயின் கடிதம் வந்தது. நீல மையில் இரண்டு பக்கம்; கூடவே நீதிமன்ற உத்தரவின் நகல். மகளைத் துணைப் புத்தகத்தில் சேர்க்கக் கேட்டிருந்தாள். என் படிவத்தில் அப்பா பெயர், அப்பாவுடைய அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று கட்டங்கள். இந்தப் பிள்ளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களிடம் கேட்டால் மண்டபம் இரண்டுபடும். முடியாது என்று எழுதவும் மனம் வரவில்லை. வந்த தேதி முத்திரையைக் குத்தி, 'பிறகு' என்று எழுதிய உறையில் போட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுங்கு அப்படி: தீராத காகிதத்துக்கும் ஓர் உறை வேண்டும். அந்த உறையில் அது ஒன்றுதான் இருந்தது. துணைப் புத்தகம் அச்சுக்குப் போய்வந்தது. பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தட்டைப் பார்க்காமல் மற்றதை எடுக்கப் பழகிக்கொண்டேன்.

துணைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கடைசித் தேதிக்குள் வந்த விண்ணப்பம் அச்சில் விடுபட்டிருந்தால் புத்தகத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி உண்டு. அச்சுப்பிழைக்குப் பயந்து நானே எழுதிச் சேர்த்த வரி அது.

எதிரில் ஹோசொப் உட்கார்ந்திருந்தார். பனிக்காலத்தில் என் வண்டி கிளம்பாவிட்டால் கூப்பிட்ட உடனே வருகிறவர். நான் பேனாவை மூடி வைத்தேன். எழுந்து அலமாரியைத் திறந்தேன்.

"வந்துச்சு தலைவரே. தேதிக்குள்ளதான் வந்துச்சு. நான்தான் போட்டு வச்சுட்டேன்."

தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். கடிதத்தைப் படித்தார். துணைப் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டுக் கதவு திறந்தது. முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் போட்ட சூப்புக் கிண்ணங்களோடு நின்றது சுனே. காலையிலிருந்து உள்ளே மற்றப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

கிண்ணங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். எனக்கும் வைத்தாள். வைத்துவிட்டு, "எட்டு வருஷமா என் கையெழுத்துதான் புரியலையோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் செயலாளர் பொறுப்பை விட்டுடறேன்" என்றேன் தலைவரிடம்.

"விடுங்க, விடாம இருங்க, அது அப்புறம். இப்ப யாரு எழுதறது? எனக்குக் கை நடுங்குது. உக்காருங்க." கடிதத்தை மடித்துக்கொண்டே, "அச்சடிச்சது அச்சடிச்சதுதான். அந்தப் பொண்ணு பேரைச் சேருங்க" என்றார். வெறுமையாக விட்ட கட்டத்தில் இருபத்தைந்து என்று எழுதினேன்.

சூப்பு ஆறிவிட்டிருந்தது. சோற்றைப் போட்டுக் கரைத்துச் சாப்பிட்டோம். கிம்ச்சி ஊறுகாய்த் தட்டு கைக்குக் கை போனது. பாதிச் சாப்பாட்டில் தலைவர் முகம் தெளிந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். சமரசம் ஒன்று கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"க்யூஹாவும் நம்ம பிள்ளை. இவளும் நம்ம பிள்ளைன்னு ஆயிருச்சு. ஒருத்தர் சிரிச்சு ஒருத்தர் அழ வேண்டாம். ரெண்டாப் பிரிச்சுருவோம். ஆளுக்குப் பாதி."

அறையே மூச்சு விட்டது. ஹோசொப் தலையாட்டினார். க்யூதோங் அடுத்த கவளத்தை நிம்மதியாக எடுத்தார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நாரே கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பாதி வேண்டாம்."

"என்னம்மா, திமிரா?"

"திமிர் இல்லை மாமா... பெரியப்பா. பாதியை வச்சு சேர முடியும். முடிக்க முடியாது. அம்மா ஆப்பிள் கிடங்குல ரெண்டு ஷிப்டு பாக்கறாங்க. மூணாவது ஷிப்டுன்னு ஒண்ணு அங்க இல்லை. பாதிதான்னா முழுசையும் க்யூஹாவுக்கே குடுத்துருங்க. அவனாவது முடிக்கட்டும்."

"ஏய், நாரே!" என்று உள்ளிருந்து சுனேயின் குரல்.

"இரும்மா."

முடிவெடுப்பதற்கு முன்பு, தலைமுறையில் மூத்தவரைக் கேட்பது வழக்கம். தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பி, "சித்தப்பா என்ன சொல்றீங்க?" என்றார். பெரியவங்க இஷ்டம் என்பார் மான்சு. ஐந்து வருடமாக அதே பதில். அது வருவதற்கு முன்பே நான் எழுதிவிடுவதுண்டு.

"எனக்குப் பாதிதான் குடுத்தீங்க" என்றார் மான்சு.

தலைவருக்கு உடனே புரியவில்லை.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி. எனக்குப் பாதி, ஆத்தங்கரை வீட்டுப் பையனுக்குப் பாதி. இதே ரூம்ல. ரெண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம். பகல்ல காலேஜு, விடியற வரைக்கும் பார்சல் பிரிக்கற கிடங்கு. மூணாவது செமஸ்டர்ல பரீட்சை எழுதிக்கிட்டே தூங்கிட்டேன். பேப்பர்ல என் பேரு மட்டும்தான் இருந்துச்சு. அவன் அதுக்கும் முன்னாடியே நின்னுட்டான். ரெண்டு டிக்கெட்டுக்குக் காசு போட்டீங்க, ரெண்டு பேருமே நடுவழியில இறங்கிட்டோம்."

அந்தக் குறிப்பையும் எழுதியது நான்தான். 'இருவரும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதியிருந்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர் மெதுவாக.

"கொடுக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்றது, பத்தலைன்னு?" மான்சு நெற்றியைத் துடைத்தார். "யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு, முழுசா. தலைமுறையில பெரியவனாச் சொல்றேன்."

அந்தச் சொல்லை அவர் அதுவரை எடுத்ததே இல்லை. எடுத்துவிட்டால் எதிரே மறுத்துப் பேச யாருக்கும் வாய் கிடையாது. தலைவர் விதித்தாளை என் பக்கம் தள்ளி, "சரி. அஞ்சாம் விதியைப் படிங்க இன்சொப்" என்றார்.

இரண்டு பேரின் மதிப்பெண்களையும் படித்தேன். விண்ணப்பித்த பிள்ளையைப் பெற்றவருக்கு ஓட்டு இல்லை என்பது ஆறாம் விதி. மிச்சம் மூன்று பேர். க்யூதோங் கையைத் தூக்கி, "தங்கச்சிக்கு" என்றார். மான்சு சொன்னபடியே வாய் திறக்கவில்லை. ஒன்றுக்கு எதிராக ஒன்று வந்தால் இந்த வருடம் யாருக்கும் இல்லை. தலைவர் கை மடியிலேயே கிடந்தது. அவர் கண் ஹோசொப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"என் மூஞ்சியை ஏன் பாக்கறீங்க தலைவரே? மார்க்கைப் பாருங்க" என்றார் ஹோசொப்.

தலைவரின் கை எழுந்தது.

ஹோசொப் எழுந்து மேல்சட்டையை மாட்டினார். பித்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம், "அண்ணே, ஒண்ணு எழுதிக்கங்க. நீங்க இன்னிக்கு அந்த அலமாரியைத் திறக்காம இருந்திருந்தா இது என் பையனுக்குத்தான். அது எனக்குத் தெரியும். அவ்வளவுதான், எழுதிக்கங்க" என்றார். நாரேயைப் பார்த்து, "நல்லாப் படிம்மா" என்றார். அதையும் மனதோடுதான் சொன்னார். அவள் எழுந்து நின்று குனிந்தாள். அவருடைய கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது.

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். மாலையில் தலைவர் படித்துப் பார்த்து, எதையும் அடிக்கச் சொல்லாமல் முத்திரை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடிதங்களுக்கு உட்கார்ந்தேன். கட்டணத்தைச் சங்கம் கட்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, நாரேவுக்கு ஒன்று. அவற்றுக்கு வாசகம் பழகிப்போனது. அரைமணி நேரத்தில் முடிந்தது. கிடைக்காதவர்களுக்கும் ஒரு வாசகம் வைத்திருக்கிறேன், மூன்று வரி. வருந்துகிறோம், போட்டி கடுமையாக இருந்தது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். இதுவரை நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். அதை எடுத்துவைத்து க்யூஹாவின் பெயரை மேலே எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அவன் அப்பா கூட்டம் நடந்த சனிக்கிழமையே சொல்லியிருப்பார், கடிதம் எதற்கு என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயந்துபோய் வேறு தாள் எடுத்தேன்.

நாலு தடவை எழுதினேன். கடைசியில் நின்றது இது:

'க்யூஹாவுக்கு. உதவித்தொகை உனக்குக் கிடைக்கவில்லை. உன் பதில்களில் குறை இல்லை. மதிப்பெண்ணில் உனக்கு மேலே ஒருவர் இருந்தார். அவருடைய விண்ணப்பம் முதல் விதியில் நின்றுபோயிருந்தால் உனக்குத்தான் கிடைத்திருக்கும். அது நிற்காமல் போனது நான் எட்டு வருடம் தாமதமாகச் செய்த ஒரு வேலையால். அந்த வேலையை நான் காலத்தில் செய்திருந்தால், இது கைக்கு வந்து போனதாக உனக்குத் தோன்றியிருக்காது. அந்த அளவுக்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். முழுவதையும் நேரில் கேட்க விரும்பினால் வா, சொல்கிறேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது நான்காம் விதி. பலருக்கு அது தெரியாது. இடையில் ஒரு வருடத்தை எப்படிக் கடப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் விண்ணப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இன்சொப்.'

திங்கட்கிழமை தபால் நிலையம் திறந்தவுடன் போனேன். முதல் இரண்டும் பதிவுத் தபாலில் போயின. மூன்றாவதன் விலாசத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெண், "டிராக்டர் பட்டறை வீடுதானே இது? பாலம் தாண்டினா வந்துரும். நடந்தே குடுத்துரலாமே ஐயா" என்றாள்.

"தபால்லயே போகட்டும்மா. பதிவுத் தபால். அவன் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு எடை போட்டாள். உறையின் வாயை இன்னும் ஒட்டியிருக்கவில்லை. அங்கேயே நின்று தாளை வெளியே எடுத்து இன்னொரு தடவை படித்தேன். எதையும் மாற்றவில்லை. பசை தடவி, விரலால் ஓரம் வரை அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன். தேதி முத்திரையைக் குத்திப் பையில் போட்டாள்.